தந்தை தந்த நோட்டுப் புத்தகம்



'பாடப் புத்தகத்தை எடு, கதைப் புத்தகம் சோறு போடாது!' இந்தப் பேச்சு கேட்காத வீடு நம்மிடையே குறைவு. மகளின் கையிலிருந்த கதைப் புத்தகத்தைப் பிடுங்காத ஒரு தந்தையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் வட்டாரத்தில் ஸ்டீவன்டன் என்றொரு சிற்றூர். 1775 டிசம்பர் 16ஆம் தேதி அங்கே பிறந்தவர் ஜேன் ஆஸ்டின். காதலையும் நகைச்சுவையையும் கலந்து நாவல் எழுதுவோருக்கெல்லாம் முன்னோடி. தந்தை ஜார்ஜ் ஆஸ்டின் அவ்வூர்ப் பாதிரியார். வருமானம் போதாமல், மாணவர்களை வீட்டில் தங்கவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அந்த வீட்டில் ஐந்நூறு புத்தகங்களுக்கு மேல் இருந்தன.

நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று பலர் நம்பிய காலம் அது. எங்கள் குடும்பமே நாவல் படிக்கிற குடும்பம், அதில் எங்களுக்கு வெட்கமில்லை என்ற கருத்தை, 1798இல் அக்காள் கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில் ஜேன் பெருமையோடு சொல்கிறார்.

சாமுவேல் ரிச்சர்ட்சனின் நாவல்களை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். பெண் எழுத்தாளர் ஃபேனி பர்னியின் மீதும் அவருக்குப் பெரும் மதிப்பு. பர்னியின் 'கமிலா' 1796இல் வெளியானபோது, முன்பணம் கட்டியோர் பட்டியலில் இருபது வயது ஜேனின் பெயரும் இருந்தது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்ற புகழ்பெற்ற தலைப்புச் சொற்களும் பர்னியின் 'செசிலியா' நாவலின் இறுதிப் பகுதியில் வருபவைதாம்.

ஆனால் படித்ததையெல்லாம் அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தொட்டதற்கெல்லாம் மயங்கி விழும் கதாநாயகிகளைக் கேலி செய்து 1790இல், பதினான்கு வயதில், ஒரு கதை எழுதினார். அதைப் படியெடுத்து வைத்த நோட்டுப் புத்தகம் யார் கொடுத்தது தெரியுமா? தந்தைதான்!

அதோடு அவர் நிற்கவில்லை. 1797இல் மகள் எழுதிய நாவலைப் பற்றி லண்டன் பதிப்பாளர் ஒருவருக்குத் தாமே கடிதம் எழுதினார். கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமலேயே பதிப்பாளர் மறுத்துவிட்டார். 1801இல் குடும்பம் பாத் நகருக்குக் குடிபெயர்ந்தபோது வீட்டுப் புத்தகங்கள் விற்கப்பட்டன. 1805 ஜனவரியில் தந்தை காலமானார்.

ஜேனின் முதல் நாவல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 1811இல்தான் அச்சேறியது. எழுதியவர் 'ஒரு பெண்மணி' என்று மட்டுமே அதில் இருந்தது. அன்று திருப்பப்பட்ட நாவல் திருத்தி எழுதப்பட்டு, 1813இல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆயிற்று. இரண்டையும் பார்க்கத் தந்தைக்குக் கொடுத்து வைக்கவில்லை.

2000இல் நாம் ரசித்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' திரைப்படம், அந்த முதல் நாவலைத் தழுவியதுதான். ஒரு சிற்றூர்ப் பாதிரியாரின் புத்தக அலமாரி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, பாருங்கள்!

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கதைப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்து தானாகச் சிரித்தால் அதட்டாதீர்கள். முடிந்தால் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள்.