எஸ்தோனியாவின் எக்ஸ்-ரோடு

1991இல் மீண்டும் விடுதலை பெற்ற எஸ்தோனியாவில் மக்கள்தொகை, வாகனம், வரி முதலிய பதிவேடுகள் துறைவாரியாகத் தனித்தனிக் கணினிகளில் வளர்ந்திருந்தன. அவற்றை ஒரே தரவுத்தளத்தில் குவிக்காமல், ஒவ்வொரு துறையும் தன் தரவைத் தானே பேணி, பிறருக்குத் தேவையான விவரத்தை மட்டும் வரையறுத்த சேவையாக வழங்கும் சேவைசார் கட்டமைப்பை அந்நாடு தேர்ந்துகொண்டு, 2001இல் ‘எக்ஸ்-ரோடு’ என்ற பரிமாற்றத் தளமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காவலர் ஒருவர் வாகன உரிமையாளரின் பெயரைக் கேட்டால், அக்கேள்வி அவருடைய துறையின் வாயிலாக அமைந்த பாதுகாப்புச் சேவையகத்தில் மின்முத்திரையும் மறையாக்கமும் பெற்று, இடைத்தரகு மையம் எதையும் தொடாமல், வாகனப் பதிவகத்தின் சேவையகத்தை நேரடியாக அடைகிறது; பரிமாற்றத்தின் தடயம் நேரக்குறிப்புடன் இரு முனைகளிலும் பதிவாகிறது. இக்கட்டமைப்புக்குத் துணைநின்ற சட்டம் அதனினும் துணிவானது: ஒரே தகவலைத் திரட்ட அரசு தனித்தனித் தரவுத்தளங்கள் அமைப்பதையே அது தடைசெய்தது. 2018இல் பின்லாந்தின் பரிமாற்றத் தளமும் எக்ஸ்-ரோடுடன் இணைக்கப்பட்டது.