அறிவு தெரியும், ஆஃப்ரோ தெரியுமா? ‘தெருக்குரல்’ ஆல்பத்தின் கதை

2020 பிப்ரவரியில எங்க நெய்வேலி திடீர்னு எல்லா டிவியிலயும் வந்துச்சு. சுரங்கத்தில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது வருமான வரித்துறை அதிகாரிகள் வந்து விஜய்யை விசாரணைக்காகச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். அவர் திரும்பி வந்து, வண்டி மேல ஏறி நின்னு, கூட்டத்தோட எடுத்த செல்ஃபி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கூட்டத்துல நானும் ஒரு புள்ளி. ஜூம் பண்ணாலும் தெரிய மாட்டேன்.

அடுத்த மாதமே படத்தின் பாடல்கள் வந்தன. அதுல ஒண்ணு ‘வாத்தி ரெய்டு’. ரெய்டு நடந்த ஊர்க்காரங்க நாங்க, விடுவோமா? மந்தாரக்குப்பம் டீக்கடை வரைக்கும் அதுதான் ஓடுச்சு. பாட்டை எழுதி, அனிருத்தோடு சேர்ந்து பாடியவர் அறிவு. அப்போ பக்கத்து வட்டத்து நண்பன் ஒருத்தன் சொன்னான்: “அறிவோட அசல் வேலை இது இல்லடா. ‘தெருக்குரல்’ கேளு.” (வட்டம்னா பிளாக். எங்க நகரியத்துல வீட்டைக் கண்டுபிடிக்க அந்த எண்தான் வேணும்.)

‘தெருக்குரல்’ 2019-ல் வந்த ஆல்பம். அரக்கோணத்துக்காரரான அறிவும், ஆஃப்ரோ என்கிற இசைத் தயாரிப்பாளரும் சேர்ந்து செய்தது. படம் கிடையாது, ஹீரோ கிடையாது. ‘ஆன்டி இண்டியன்’, ‘கள்ள மௌனி’ என்று தலைப்புகளைப் படித்தாலே பாட்டு யாரோடு மோதுகிறது என்று புரிந்துவிடும். அறிவு அதற்கு முந்தைய வருஷமே பா. இரஞ்சித்தும் டென்மாவும் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையில், கானாவும் ராப்பும் கலந்து சாதியைப் பற்றிப் பாடியவர். திருவைத் தெருவாக்கி, குறளைக் குரலாக்கிய தலைப்பிலேயே பாதி அரசியல் இருக்கு.

ஆனா இன்னைக்கு நான் பேச வந்தது வரிகளைப் பத்தி இல்ல. ஆல்பத்துல சமமா நிக்கிற அந்த ரெண்டு பெயர்களைப் பத்தி.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், தங்கை நடத்திய பார்ட்டியில் கூல் ஹெர்க் ரெக்கார்டுகளை ஓடவிட்டார். ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று அதைத்தான் வழக்கமாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு ராஜா டிஜேதான். மைக் பிடித்தவர் கூட்டத்தைக் கிளப்பிவிடும் துணை ஆள். 1987-ல் வந்த ‘பெய்ட் இன் ஃபுல்’ ஆல்பத்திலும் எரிக் பி. பெயர் முதலில், ரக்கிம் பெயர் அடுத்து. ராப் எழுதும் விதத்தையே மாற்றியவர் ரக்கிம்! அப்படியும் டிஜே பெயர்தான் முன்னாடி. 2004-ல் எம்எஃப் டூமும் மேட்லிப்பும் ‘மேட்வில்லன்’ என்று ஒரே பெயரில் வந்தார்கள்.

நம்ம கதை வேற. இங்கே பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. அது இளையராஜா பாட்டு, ரகுமான் பாட்டு, இல்லைன்னா வாயசைச்ச ஹீரோவோட பாட்டு. எழுதினவர் பெயர் கேசட் அட்டையில பொடி எழுத்து. 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி & நட்சத்ரா ‘வல்லவன்’ ஆல்பத்தோடு வந்தபோதுதான், தமிழ் ராப்பர் தன் பெயரிலேயே நிற்கலாம் என்று எங்களில் பலருக்குத் தெரிந்தது. அப்பவும் பீட் போட்டது யாருன்னு நாங்க கேக்கல.

எங்க சுரங்கத்தைப் பார்க்க வர்றவங்க எல்லாரும் அந்த ராட்சச சக்கர இயந்திரத்தைத்தான் போட்டோ எடுப்பாங்க. ஆனா நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கு. அதை ராத்திரி பகலா பம்பு வெச்சு இறைச்சுக்கிட்டே இருந்தாத்தான் மேல சக்கரம் சுத்தும். பம்பை யாரும் போட்டோ எடுக்கறதில்ல. தயாரிப்பாளர் வேலையும் அதுதான். குரல் எங்கே விழணும், எங்கே இசை ஒதுங்கி நிக்கணும்னு பார்த்துப் பார்த்து இடம் பண்ணிக் கொடுக்கிற வேலை.

2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. அறிவும் தீயும் பாடினார்கள், தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு அந்தப் பாட்டை எடுத்தார். அதே ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்; பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமலே ஒலித்தது. பாட்டு யாருடையது என்று அறிவு தன் தரப்பை எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். அந்தக் கணக்கை நான் இங்கே தீர்க்கப் போறதில்ல. ஆனா பாட்டியோட கதையைப் பாட்டாக்கினவரைப் பாட்டோட அட்டையில காணோம்னதும் கோபப்பட்டவங்கள்ல நானும் ஒருத்தன். அந்தக் கோபம் நியாயம்தான்னு இப்பவும் நினைக்கிறேன்.

அன்னைக்கு ராத்திரி ‘தெருக்குரல்’ திரும்பக் கேட்டேன். அப்பதான் உறைச்சுது. ரெண்டு வருஷமா நான் அதை “அறிவு ஆல்பம்”னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

அந்தப் பக்கத்து வட்டத்து நண்பன் இப்போ லேப்டாப்புல பீட் போடறான். போன வாரம் ஒண்ணு அனுப்பினான். ஃபைல் பெயர் ‘நெய்வேலி ஃபைனல் 3’. “உன் பேரு எங்கடா?”ன்னு கேட்டேன். “யாராவது ராப் பண்ணட்டும், அப்புறம் பார்க்கலாம்”னான்.