அளவில் அடங்காதவர்கள்: பில்பாவோவும் தொங்தேமுனும்

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள பில்பாவோ நகரத்தில் கூகன்ஹைம் அருங்காட்சியகம் எழும்பியபோது, இரும்புச் சட்டங்களை நிறுத்திய தொழிலாளிகள் அளவு டேப்பைத் தொடவே இல்லை என்று கட்டடத் துறையினர் இன்றும் சொல்வார்கள். ஒவ்வொரு இரும்பு உறுப்பின் மேலும் ஒரு பார்கோடு ஒட்டியிருந்தது. அதைக் கருவியில் காட்டினால், அந்த உறுப்பு மனையின் எந்தப் புள்ளியில், எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்ற எண்கள் கணினியிலிருந்து வரும். லேசர் கருவி அந்தப் புள்ளியைச் சுட்டும், கிரேன் கொண்டுபோய் நிறுத்தும். கொத்தனாரின் தூக்குக்குண்டும் ரசமட்டமும் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த வேலையை ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டது. 1997 அக்டோபரில் கட்டடம் திறக்கப்பட்டது.

ஏறத்தாழ பதினாறரை ஆண்டுகள் கழித்து, 2014 மார்ச்சில், தென்கொரியத் தலைநகர் சியோலில் தொங்தேமுன் டிசைன் பிளாசா திறக்கப்பட்டது. ஸாஹா ஹதீத் வடிவமைத்த இந்தக் கட்டடத்தின் மேற்போர்வையில் 45,133 அலுமினியத் தகடுகள். பல்லாயிரம் தகடுகள் வளைவிலும் அளவிலும் வேறுபட்டவை. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு செய்தால் கட்டுப்படியாகாது. ஆகவே ஏராளமான இரும்பு முளைகள் நிறைந்த ஒரே அச்சை வைத்துக்கொண்டார்கள். கணினி சொல்லும் உயரத்துக்கு ஒவ்வொரு முளையும் ஏறும், இறங்கும். அந்த மேடுபள்ளத்தின் மேல் தகட்டை இழுத்துப் பதித்தால் வேண்டிய வளைவு கிடைத்துவிடும். அடுத்த தகட்டுக்கு முளைகள் வேறு வரிசைக்கு மாறிவிடும். கொரியாவின் பொதுக் கட்டடங்களில் இந்த அளவுக்கு முப்பரிமாணக் கணினி மாதிரியை நம்பிக் கட்டியது இதுவே முதல் முறை.

கணினிக் கட்டடக்கலை வகுப்புகளில் இந்த இரண்டையும் காட்டாத ஆசிரியர் குறைவு. நகரங்களில் ஏழைகளும் தொழிலாளிகளும் புழங்கிய இடம் வசதி படைத்தவர்களின் இடமாக மாறுவதைப் பற்றிய வகுப்புகளிலும் இதே இரண்டைத்தான் காட்டுகிறார்கள். லண்டனின் உழைப்பாளர் தெருக்களில் நடந்த அந்த மாற்றத்துக்கு 1964இல் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் ஜென்ட்ரிஃபிகேஷன் என்று பெயர் கொடுத்தார். இரண்டு வகுப்புகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதுதான் என் குறை. முதல் வகுப்பில் தகடுகளின் எண்ணிக்கை மட்டும் வருகிறது. இரண்டாவதில் கருவியே எதிரியாகிவிடுகிறது. அருகருகே வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரித் தெரிகிறது.

கருவியின் வம்சாவளி இரண்டுக்கும் பொது. பில்பாவோவை வடிவமைத்த ஃபிராங்க் கெரி கணினியில் வரைந்தவர் அல்லர். கையால் கிறுக்குவார், காகிதம், மரம், அட்டை கொண்டு மாதிரி செய்வார். அந்த மாதிரியின் மேற்பரப்பை ஓர் ஊசிக் கருவியால் புள்ளி புள்ளியாகத் தொட்டு, கட்டியா என்ற மென்பொருளில் ஏற்றினார்கள். பிரான்சின் தசோ நிறுவனம் மிராஜ் போர் விமானங்களுக்காக வளர்த்தெடுத்த மென்பொருள் அது. 1992 ஒலிம்பிக்கை ஒட்டி பார்சிலோனா கடற்கரையில் கெரி நிறுத்திய மீன் சிற்பத்தில்தான் அவருடைய அலுவலகம் அதை முதலில் சோதித்துப் பார்த்தது. 2002இல் கெரி இதற்கென்றே ஒரு தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கி, கட்டியாவைக் கட்டடக் கலைஞர்களுக்கேற்ற மென்பொருளாக மாற்றி விற்றார். ஹதீத் அலுவலகத்தில் கணினி இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே வடிவமே எண்களின் உறவிலிருந்து பிறக்கும்; ஓர் எண்ணை மாற்றினால் கூரை, சுவர், படிக்கட்டு எல்லாம் சேர்ந்து அசையும்.

இதன் பயன் உண்மையானது. பில்பாவோவின் டைட்டானியத் தகடு அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. காற்றடித்தால் லேசாகப் படபடக்கும். அப்படிப்பட்ட போர்வையை அத்தனை வளைவுகளின் மேல் சுற்றி, ஒப்புக்கொண்ட ஏறத்தாழ 10 கோடி டாலருக்குள் முடித்தது பெரிய சாதனை. கட்ட முடியாது, செலவு எங்கே போய் நிற்கும் என்று தெரியாது என்று அதிகாரிகள் தட்டிக்கழிக்க வழியில்லாமல் போயிற்று. ஒரு மேயரோ மாகாண அரசோ படத்தைப் பார்த்த அன்றே துணிந்து கையெழுத்துப் போடலாம். அந்தத் துணிச்சல் யாருடைய மனையின் மேல் விழுந்தது என்பதில்தான் இரண்டு ஊர்களும் பிரிகின்றன.

பில்பாவோவில் அந்த மனை ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. நெர்வியோன் ஆற்றின் கரையில் உள்ள அபந்தோய்பாராவில் கப்பல் கட்டும் தளமும், சரக்குப் பெட்டிகள் அடுக்கும் முற்றமும், ரயில் தடங்களும் இருந்தன. இரும்பும் கப்பலும் நொடித்த 1980களில் அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. யூஸ்கல்துனா கப்பல் தளத்தை மூடக் கூடாது என்று 1984இல் தொழிலாளிகள் தெயுஸ்தோ பாலத்தில் காவல்துறையோடு மோதினார்கள். தோற்றார்கள். கெரியின் மாதிரி செய்யப்பட்ட காலத்தில் அந்தக் கரையில் விரட்டுவதற்கு ஆளில்லை. ஒரு வர்க்கத்தின் வாழ்க்கை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகே அருங்காட்சியகம் வந்தது.

ஆகவே பில்பாவோவில் வெளியேற்றம் மெதுவாக, விலைவாசி வழியாக நடந்தது. அதன் பொறி கட்டடத்தில் இல்லை, நிலக் கணக்கில் இருக்கிறது. 1992இல் அமைந்த பில்பாவோ ரியா 2000 என்ற பொதுத்துறை நிறுவனம் பயனற்றுக் கிடந்த நிலத்தை வாங்கி, சீர்செய்து, வீடும் அங்காடியும் கட்டுவோருக்கு விற்றது. வரிப்பணத்தை அதிகம் நம்பாமல், நிலத்தை விற்ற காசிலேயே நகரத்தைப் புதுப்பிப்பதுதான் அதன் வழி. நிலம் நல்ல விலைக்குப் போனால்தான் அடுத்த வேலைக்குப் பணம். நல்ல விலைக்குப் போக வேண்டுமானால் அங்கே வரும் வீடுகள் பணக்காரர்களுக்கானவையாக இருக்க வேண்டும். டைட்டானியம் அந்த விலையை ஏற்றிக் கொடுத்தது. கிடைத்த லாபத்தின் ஒரு பகுதி பரக்கால்தோ போன்ற தொழிலாளர் ஊர்களுக்கும், பில்பாவோ லா வியேஹா என்ற பழைய ஏழைக் குடியிருப்புக்கும் போனது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே போன பணம் அங்கிருந்தவர்களுக்கு மட்டும் உதவவில்லை. வாடகை மலிவாக இருந்த, புலம்பெயர்ந்தவர்கள் நிறைந்த அந்தத் தெருக்களை அது முதலீட்டாளரின் பார்வைக்குக் கொண்டுவந்தது. 2003இலேயே லொரென்சோ விக்காரியோ, மனுவேல் மார்த்தினெஸ் மோன்ஹே என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கூகன்ஹைமின் இன்னொரு விளைவு என்று எழுதிவிட்டார்கள். உலகம் அதற்குள் முதல் விளைவைப் பாராட்டி முடித்து, தன் ஊருக்கும் ஒன்று வேண்டும் என்று கிளம்பியிருந்தது.

சியோல் அப்படிக் கிளம்பிய ஊர்களில் ஒன்று. தொங்தேமுன் சாகாத இடம். துணிச்சந்தை இரவு முழுக்க விழித்திருக்கும். மூட்டைகளை அடுக்கிய மோட்டார் சைக்கிள்கள் சாங்சின்-தொங் மேட்டில் உள்ள தையல் கூடங்களுக்கும் சந்தைக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கும். 22 வயதுத் தையல் தொழிலாளி சோன் தே-இல் 1970இல் தொழிலாளர் சட்டத்தை மதிக்கக் கோரித் தீக்குளித்தது இங்கே உள்ள பியொங்ஹ்வா சந்தையில்தான்.

இந்தச் சந்தைக்குப் பக்கத்தில் 1925இல் ஜப்பானியர் ஆட்சியில் கட்டிய விளையாட்டரங்கம் இருந்தது. 2003இல் நகர நிர்வாகம் சொங்யெசொன் ஓடையை மீட்கும் பணியைத் தொடங்கி, அதன் மேல் போன பாலச்சாலையை இடித்தபோது, ஓடையோரத்தில் பழைய பொருள் விற்றவர்களைக் கிளப்பி, பயன்பாடு நின்றுபோன கால்பந்து மைதானத்துக்குள் கொண்டுவந்து விட்டது. பழைய ரேடியோ, கைக்கடிகாரம், ராணுவச் சட்டை, ஸ்பேனர், செருப்பு என்று தரையில் விரித்து விற்ற ஏறத்தாழ 900 கடைகள். சில வருடங்களே போயின. டிசைன் பிளாசா அறிவிக்கப்பட்டது, 2007இல் போட்டியில் ஹதீத் தேர்வானார், அரங்கம் இடிபட்டது. அதே வியாபாரிகள் 2008இல் சின்சொல்-தொங்கில் அமைத்த சந்தைக்கு மறுபடி பெயர்ந்தார்கள். ஓடை அழகானபோது ஒரு முறை, அரங்கம் போனபோது இன்னொரு முறை. அந்த நாட்களில் சியோல் 2010ஆம் ஆண்டின் உலக வடிவமைப்புத் தலைநகராக விளங்கத் தயாராகிக்கொண்டிருந்தது. 2009 ஜனவரியில் அதே நகரின் யொங்சான் பகுதியில், மறுகட்டுமானத்தை எதிர்த்துக் கட்டட மொட்டைமாடியில் நின்ற குத்தகைக் கடைக்காரர்களைக் காவல்துறை வெளியேற்ற முயன்றபோது தீப்பிடித்து, போராடியவர்கள் ஐந்து பேரும் காவலர் ஒருவரும் இறந்தார்கள்.

பில்பாவோவின் மாதிரி காலி மனையில் தொடங்கியது. சியோலின் மாதிரி, காலி என்று அறிவிக்கப்பட்ட மனையில் தொடங்கியது. இரண்டையும் ஒரே திரையில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. மண்ணின் சரிவு, கழிவுநீர்க் குழாய், சுரங்க ரயில் வழி எல்லாவற்றுக்கும் மாதிரியில் தனித்தனி அடுக்கு உண்டு. அங்கே யார் எத்தனை வருடமாகக் கடை விரித்திருந்தார் என்பதற்கு அடுக்கு கிடையாது.

மென்பொருளால் அதை ஏற்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். தொங்தேமுனிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. அரங்கத்தை இடித்துத் தோண்டியபோது, ஜப்பானியர் மூடிவிட்டுப்போன சியோல் கோட்டை மதிலின் ஒரு பகுதியும், ஓடைநீர் வெளியேற இரண்டு வளைவுகளோடு கட்டியிருந்த மதகும், சோசொன் அரசுக் காலக் கட்டட எச்சங்களும் வெளிப்பட்டன. உடனே வடிவமைப்பு மாறியது. மதில் தெரியும்படி பூங்கா ஒதுக்கப்பட்டது. எச்சங்களில் சிலவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். அரங்கத்தின் இரண்டு விளக்குக் கோபுரங்கள்கூட இன்றும் நிற்கின்றன. ஓர் எண் மாறினால் கட்டடம் முழுவதும் சேர்ந்து அசையும் முறை என்பதால் அந்த மாற்றம் எளிதாகவே முடிந்திருக்கும். பழங்கற்களுக்காக அசைந்த மாதிரி, பழம்பொருள் விற்றவர்களுக்காக அசையவில்லை. கல்லுக்குப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. வியாபாரிக்கு எந்தச் சட்டமும் இல்லை.

ஹதீத் 2016இல் இறந்த பிறகு அலுவலகத்தை ஏற்ற பாட்ரிக் ஷூமாக்கர் அதே ஆண்டு பெர்லினில் நடந்த உலகக் கட்டடக்கலை விழாவில், சமூக வீட்டுவசதியை ஒழிக்க வேண்டும், பொது இடங்களைத் தனியாரிடம் விட வேண்டும் என்று பேசினார். பெரும் கண்டனம் எழுந்தது. அவருடைய சொந்த அலுவலகமே பகிரங்கக் கடிதம் எழுதி விலகிக்கொண்டது. வளைவுகளின் கணிதத்துக்கு அரசியல் இல்லை என்று நினைத்தவர்களை அந்த உரை விழிக்க வைத்தது. ஆனாலும் கருவிக்கே அந்த அரசியல் உள்ளூர இருக்கிறது என்று முடிவுகட்டுவதை பில்பாவோவே மறுக்கிறது.

பில்பாவோவில் ஆற்றின் கீழ்ப்போக்கில் சொரோட்சவுரே என்று ஒரு தீபகற்பம் உண்டு. தெயுஸ்தோ கால்வாயை முழுவதும் வெட்டித் திறந்த பின் 2018 முதல் அது தீவு. அதற்கான பெருந்திட்டத்தை 2004 முதல் வரைந்தது ஹதீதின் அலுவலகம்தான். அங்கே பழைய தொழிற்கூடங்களுக்கு நடுவே சில நூறு பேர் குடியிருந்தார்கள். அவர்களும் ஆதரவாளர்களும் மன்றமாகக் கூடி விடாமல் வாதாடினார்கள். திட்டத்தில் பழைய வீடுகளும் சில ஆலைக் கட்டடங்களும் தங்கின. பாஸ்க் பகுதியின் 2006ஆம் ஆண்டு நிலச் சட்டம், புதிய குடியிருப்பில் குறிப்பிட்ட பங்கை விலைக் கட்டுப்பாடுள்ள வீடுகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. தீவில் வரும் 5,000க்கும் மேற்பட்ட வீடுகளில் பாதிக்கு நெருக்கமானவை அந்த வகை. ஒரே அலுவலகம், ஒரே வகை மென்பொருள். உள்ளே போன நிபந்தனைதான் வேறு. கட்டுப்பாட்டு வீடுகள் உண்மையில் யாருக்குப் போய்ச் சேருகின்றன என்று பார்க்க இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் வரைபடம் தொடங்கும்போதே அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

சியோலும் நின்ற இடத்தில் நின்றுவிடவில்லை. சாங்சின்-தொங் தையல் கூடங்களை இடித்துப் புதுநகர் கட்டும் அறிவிப்பு 2013இல் ரத்தானது. சொங்தொங் வட்ட நிர்வாகம் 2015இல் ஜென்ட்ரிஃபிகேஷனைத் தடுக்க நாட்டிலேயே முதல் விதிமுறையை இயற்றியது. கடைக் குத்தகைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, குத்தகையைப் புதுப்பிக்கக் கோரும் உரிமை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டானது. இன்று தொங்தேமுனில் ஒரு கட்டடம் வர வேண்டுமென்றால், சுற்றியுள்ள கடைக்காரர்களின் குத்தகைக் காலத்தை மாதிரியில் ஓர் அடுக்காக ஏற்றச் சட்டரீதியான காரணம் உண்டு. தரையில் துணி விரித்து ரேடியோ விற்றவரிடம் குத்தகைப் பத்திரம் இருந்ததில்லை. நடைபாதைக் கடைகளுக்கு 2019 முதல் நகரம் அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. அதை விற்கவோ இன்னொருவருக்கு வாடகைக்கு விடவோ கூடாது. சாலையோரத்தில் கடை போட அது போதும். அந்த இடத்தில் ஒரு பிளாசா வருமானால், எதிர்த்து வாதாட அது போதாது.