வான்கோழி வேட்டை: காட்டுக்குப் போகும் முன் பேப்பரில் சுட்டுப் பார்ப்பது ஏன்?

பப்ஜியில் ஷாட்கன் எடுத்து ஆடியிருக்கிறீர்களா? கிட்டே இருந்தால் ஒரே அடி. கொஞ்சம் தள்ளிப்போனால் எதிரிக்கு ஒன்றுமே ஆகாது. நிஜத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால், நிஜத்தில் எதிரே நிற்பது ஓர் உயிர்.

அமெரிக்காவில் வசந்தகாலம் என்றால் வான்கோழி சீஸன். நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அங்கே லைசென்ஸ், சீஸன், எத்தனை பறவை என்ற வரம்பு எல்லாம் வைத்து அனுமதிக்கிறார்கள். வேட்டைக்காரர் மரத்தில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்து, பெட்டை மாதிரி குரல் கொடுத்து சேவலை வரவழைப்பார். மணிக்கணக்கில் காத்திருந்த பிறகு சேவல் வந்து தலையைத் தூக்கும். ட்ரிகரை அழுத்தினால்... பறந்துவிடும்! அதைவிட மோசம், காயத்தோடு புதருக்குள் ஓடி, யார் கையிலும் கிடைக்காமல் எங்கேயோ துடித்துச் சாகும்.

இதைத் தவிர்க்கத்தான் 'பேட்டர்னிங்'.

அது என்ன பேட்டர்ன்?

ரைஃபிளில் ஒரு தோட்டாவுக்கு ஒரே குண்டு. ஷாட்கன் தோட்டாவுக்குள் இருப்பதோ பால்ரஸ் மாதிரி நூற்றுக்கணக்கான குட்டி உருண்டைகள். குழலைவிட்டு வெளியே வந்ததும் அவை விரிய ஆரம்பிக்கும். குறிப்பிட்ட தூரத்தில் அவை எப்படிப் பரவி விழுகின்றன என்பதுதான் பேட்டர்ன்.

வான்கோழியின் உடம்பில் சுடக் கூடாது. தடித்த இறகும் சதையும் தாண்டி உள்ளே போவது சந்தேகம். தலையும் கழுத்தும்தான் குறி. மூளையிலோ கழுத்தெலும்பிலோ பட்டால் அந்த நொடியே முடிந்துவிடும். ஆனால், அந்த இடம் ரொம்பச் சின்னது. அதனால் பால்ரஸ் நெருக்கமாக விழ வேண்டும்.

நெருக்கத்தைத் தீர்மானிப்பது எது?

முதலில் சோக். குழலின் வாயில் திருகி மாட்டும் சின்னக் குழாய் இது. வாய் குறுகக் குறுக, பால்ரஸ் அதிக தூரம்வரை கூட்டமாகப் போகும். அடுத்து, பால்ரஸின் அளவு. நம்பர் கூடினால் உருண்டை சின்னதாகும். 1 அவுன்ஸில் 4-ம் நம்பர் ஈய பால்ரஸ் சுமார் 135 இருக்கும். 6-ம் நம்பர் என்றால் சுமார் 225. எண்ணிக்கை கூடும்போது ஒவ்வொன்றின் வேகமும் தூரத்தில் சீக்கிரம் குறைந்துவிடும். ஈயத்தைவிட அடர்த்தியான டங்ஸ்டன் பால்ரஸும் கிடைக்கிறது. அது சின்னதாக இருந்தாலும் ஆழமாகப் பாயும், விலையும் எகிறும்.

ஒரே கம்பெனி, ஒரே மாடல் துப்பாக்கி இரண்டில் ஒரே தோட்டாவைப் போட்டாலும் பேட்டர்ன் வேறு வேறாக வரலாம். அதனால், 'நண்பனுக்கு சூப்பராக வந்தது' என்பது உங்களுக்கு உதவாது.

எப்படிச் செய்வது?

1. ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போங்கள். குறிக்குப் பின்னால் குண்டுகளைத் தடுக்கும் மண்மேடு இருக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மஃப் கட்டாயம்.

2. சுமார் 1 மீட்டர் அகலப் பேப்பரை மாட்டி, நடுவில் புள்ளி வையுங்கள். துப்பாக்கியை மேஜையில் நன்றாகத் தாங்கவைத்து 20 கஜத்தில் சுடுங்கள். இதற்கு விலை குறைந்த தோட்டா போதும், தோளும் தப்பிக்கும். கூட்டம் புள்ளியைவிட்டு விலகி விழுந்தால், குறிபார்க்கும் சைட்டைச் சரிசெய்யுங்கள்.

3. இனி வேட்டைத் தோட்டா. 40 கஜத்தில், அதாவது சுமார் 37 மீட்டரில் சுடுங்கள். ஓட்டைகள் அதிகம் இருக்கும் இடத்தைச் சுற்றி 10 இன்ச் குறுக்களவில் வட்டம் போட்டு எண்ணுங்கள். உள்ளே 100 ஓட்டை என்பது வேட்டைக்காரர்கள் பல வருஷமாக வைத்திருக்கும் கணக்கு. எண்ணிக்கை இருந்தும் நடுவில் பெரிய இடைவெளி தெரிந்தால், அது நல்ல பேட்டர்ன் அல்ல.

4. ஒவ்வொரு தோட்டா வகையிலும் குறைந்தது 3 முறை, புதுப் பேப்பரில் சுடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சோக், தோட்டா இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. எந்த வகை பால்ரஸுக்கு அந்த சோக் பொருந்தும் என்பதை முதலிலேயே படித்துவிடுங்கள்.

5. 10 கஜத்திலும் ஒரு முறை சுடுங்கள். இறுக்கமான சோக்கில் கூட்டம் ஒரு கை முஷ்டி அளவே விரிந்திருக்கும். பக்கத்தில் வந்த பறவையை எப்படித் தவறவிடுகிறார்கள் என்பது அப்போது புரியும்!

கடைசியாக ஒன்று...

40 கஜத்தில் 60 ஓட்டைதான் விழுகிறதா? 35, 30 என்று நெருங்கிச் சுட்டுப் பாருங்கள். எந்த தூரத்தில் 100 வருகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. காட்டில் அந்த எல்லைக்கு வெளியே சேவல் எவ்வளவு கம்பீரமாக நின்றாலும் விரல் ட்ரிகருக்குப் போகக் கூடாது. பேப்பர் கிழிந்தால் வேறு பேப்பர் மாட்டிக்கொள்ளலாம். காயத்தோடு ஓடிய பறவையைத் திரும்பக் கூப்பிட முடியாது.