மலடி மகன்

எளிதில் கிடைக்காததைக் ‘குதிரைக்கொம்பு’ என்கிறோம். இந்தியத் தத்துவ நூல்களில் இல்லவே இல்லாததைச் சொல்ல ஒரு சொற்கூட்டமே உண்டு: முயற்கொம்பு, ஆமைமயிர், ஆகாயப்பூ, மலடி மகன். முயல், ஆமை, ஆகாயம் என்ற வரிசையில் ஒரு பெண்ணையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

இல்லாத பொருள் உண்மையாகவும் பிறக்காது, மாயையாலும் பிறக்காது என்பதற்கு மாண்டூக்ய காரிகையில் கௌடபாதர் காட்டும் சான்று மலடி மகன்தான். தமிழில் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் அவனை ஒரு கதையில் நடமாட விடுகிறது. அவன் ஆகாயப்பூச் சூடுகிறான், முயற்கொம்பு ஏந்திச் சண்டையிடுகிறான், செத்துப் பேயாகிறான். பொய்யென்று தெரிந்தவர் இதைக் கேட்டுக் கலங்கமாட்டார் என்பது பாடம். மகனுக்குப் பூவும் ஆயுதமும் சாவும் கிடைத்தன. தாய்க்குக் கதையில் இடமில்லை.

இந்த உவமைகள் ஒரே தரத்தவை அல்ல. முயலுக்குக் கொம்பில்லை என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். மலடிக்கு மகனில்லை என்பதற்குப் பார்க்க எதுவுமில்லை. பிள்ளை பெறாதவள் என்பதே அச்சொல்லின் பொருள். இங்கே இயலாமை உடலில் இல்லை, சூட்டிய பெயரில் இருக்கிறது. குறை ஆணிடமும் இருக்கலாம். ‘மலடன்’ என்ற சொல்லும் தமிழில் உண்டு. ஆனால் தருக்கத்தின் வாய்பாட்டில் அவன் இடம்பெறவில்லை.

அந்தப் பெயரைச் சூட்டும் அதிகாரம் யாரிடம் இருந்தது? மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம், பிள்ளை பெறாத மனைவி இருக்க எட்டாம் ஆண்டில் வேறொருத்தியை மணக்கலாம் என்கிறது. பெற்ற பிள்ளைகள் இறந்துபோனால் பத்தாம் ஆண்டு, பெண்களை மட்டுமே பெற்றால் பதினோராம் ஆண்டு. மகள்களைப் பெற்றவளும் மலடிக்குப் பின்னால் அதே வரிசையில்தான் நிற்கிறாள். தருக்க உவமையில் மகள் வராமல் மகன் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1978 ஜூலையில் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில், கருக்குழாய் அடைப்பால் கருத்தரிக்க இயலாதிருந்த லெஸ்லி பிரவுனுக்குச் சோதனைக்குழாய் முறையில் குழந்தை பிறந்தது. அப்படியானால் அவர் மலடியே அல்ல என்று தருக்கவாதி சொல்லக்கூடும். சொல்லட்டும். ஒரு பெண்ணை மலடி என்பது அவள் உடலைப் பற்றிய உண்மை அல்ல, மற்றவர்கள் அவசரமாக எழுதிய தீர்ப்பு என்பதை அந்தப் பதிலே ஒப்புக்கொள்கிறது.

பிறந்தது மகள்.