உப்பிடுமுன் எடுத்த பங்கு

இலங்கையின் கிழக்குக் கரையில், முஸ்லிம்கள் வாழும் அட்டாளைச்சேனைப் பிரதேசத்துப் பாலமுனையில் வயலும் கடலும் அருகருகே இருப்பதால், சோறும் மீனுமே குடும்ப உணவின் அடித்தளம். பாலூட்டலை நிறைவுசெய்ய விரும்புவோருக்குக் குர்ஆன் (2:233) இரண்டாண்டு எல்லை வகுத்திருப்பதால், இணையுணவு, அதாவது தாய்ப்பாலுடன் சேர்த்து ஊட்டும் உணவு, பாலுக்கு மாற்றாகவன்றித் துணையாகவே அமைய இடமிருந்தது. 1973இல் இலங்கையில் அறிமுகமான திரிபோஷா, பின்னாளில் சோளமும் சோயாவும் கலந்த சத்துமாவாக, அரச தாய்சேய் நிலையங்கள் வழியே இவ்வுணவுப் பழக்கத்தோடு சேர்ந்தது.

இணையுணவில் உப்பைப் பற்றிய எச்சரிக்கை பிந்தியே வந்தது: அமெரிக்காவில் 1970இல்தான் குழந்தை உணவில் சேர்க்கும் உப்பை 0.25 விழுக்காட்டுக்குள் நிறுத்துமாறு பரிந்துரைக்கப்பட்டது. ஏனெனில், குழந்தையின் முதிராத சிறுநீரகம் மிகுதியான சோடியத்தை வெளியேற்றத் திணறும். கருவாடு காயும் கரையில் உப்பைக் குறைக்கும் அறிவுரையைப் பின்பற்றுவது எளிதன்று. எனினும் ஆணத்தில், அதாவது குழம்பில், உப்பும் மிளகாயும் இடுமுன் பிள்ளையின் பங்கை எடுத்து மசித்துவிட்டால் தனிச் சமையல் வேண்டியதில்லை.