முக்கோணச் சர்வசமம்

முக்கோணச் சர்வசமம் என்பது இரண்டு முக்கோணங்கள் அளவிலும் வடிவிலும் ஒன்றாக இருக்கும் நிலை. ஒன்றை வெட்டியெடுத்து மற்றொன்றின் மேல் வைத்தால், தேவையானால் புரட்டிப் போட்டு வைத்தால், இம்மியும் பிசகாமல் பொருந்தும். ஒரு முக்கோணத்துக்கு மூன்று பக்கம், மூன்று கோணம் என ஆறு அளவுகள் உண்டு. ஆறையும் ஒப்பிட வேண்டியதில்லை. சரியான மூன்று பொருந்தினால் மற்ற மூன்றும் தாமாகவே பொருந்திவிடும். எந்த மூன்று என்பதற்கான விடைகள்தான் தமிழ்நாட்டில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் ப-ப-ப (மூன்று பக்கம்), ப-கோ-ப (இரு பக்கமும் இடைக்கோணமும்), கோ-ப-கோ (இரு கோணமும் இடைப்பக்கமும்), செ-க-ப (செங்கோணம், கர்ணம், ஒரு பக்கம்) என்று படிக்கும் விதிகள்.

தாளில் வரைந்த இரு படங்களை ஒப்பிடுவது இந்த விதிகளின் சிறிய வேலை. கால் எட்டாத தூரத்தை அளப்பதும், வயலைத் தாளில் ஏற்றுவதும், அழிந்துபோன வரப்பைத் தாளிலிருந்து மறுபடி மண்ணில் நிறுத்துவதும்தான் பெரிய வேலை. அந்த வேலை காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரத்தில் இருநூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது.

விதிகளின் பழைய வரலாறு கிரேக்கத்தில் தொடங்குகிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தேலிஸ், கரையில் நின்றபடியே கடலில் உள்ள கப்பலின் தூரத்தைக் கணித்தார் என்றும், அதற்கு ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் சமமானால் முக்கோணங்கள் சமம் என்ற உண்மை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் கணித வரலாற்றாசிரியர் யூடிமஸ் கூறியதாக, பின்னால் வந்த உரையாசிரியர் புரோக்ளஸ் எழுதிவைத்தார். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தம் ‘எலிமென்ட்ஸ்’ நூலின் முதல் பகுதியில் மூன்று இடங்களில் சர்வசமத்தைக் கையாண்டார். நான்காம் தேற்றம் இரு பக்கமும் இடைக்கோணமும் பற்றியது. எட்டாம் தேற்றம் மூன்று பக்கம் பற்றியது. இருபத்தாறாம் தேற்றம் இரு கோணமும் ஒரு பக்கமும் பற்றியது.

நான்காம் தேற்றத்தை நிறுவ அவர் ஒரு முக்கோணத்தைத் தூக்கி மற்றொன்றின் மேல் வைத்துக் காட்டினார். வடிவங்களை நகர்த்தலாம் என்று எந்த அடிப்படைக் கூற்றும் அவர் நூலில் இல்லை. பிரெஞ்சு அறிஞர் ழாக் பெலெத்தியே 1557இல் இதைச் சுட்டிக்காட்டினார். 1899இல் ஜெர்மனியின் டேவிட் ஹில்பர்ட், ப-கோ-ப விதியின் சாரத்தை நிறுவ முயலாமல் அடிகோளாகவே எடுத்துக்கொண்டார். வகுப்பில் ப-கோ-ப விதிக்கு நிறுவல் சொல்லாமல், வெட்டி ஒட்டிக் காட்டி நகர்ந்துவிடும் ஆசிரியர் எதையும் மறைக்கவில்லை. கணிதமே அங்கு அப்படித்தான் நிற்கிறது.

உத்திரமேரூரை ஊர் உலகம் அறிவது வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளால். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட குடவோலைத் தேர்தல் விதிகள் பாடநூல்களில் இடம்பெற்றவை. நிலம் பற்றி அந்த ஊர்க் கல்வெட்டுகள் சொல்லும் முறை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இன்ன வதிக்கு (வழிக்கு) இந்தப் பக்கம், இன்ன வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இத்தனையாம் கண்ணாறு (சிறு வாய்க்கால்), இத்தனையாம் சதுரம் என்று வயலுக்கு முகவரி கொடுத்தார்கள். வதியும் வாய்க்காலும் குறுக்கும் நெடுக்குமாக ஓட, நிலம் கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்தது. சதுரத்துக்கு ஒரு பக்க அளவு போதும். பக்கம் ஒன்றானால் எல்லாச் சதுரங்களும் சர்வசமம். அளவை எளிதாக்க நிலத்தையே ஒழுங்கான வடிவத்தில் அமைத்துக்கொண்ட ஊர்ச் சபையாரின் நிர்வாகக் கூர்மை வியக்கத்தக்கது. ஆனால் ஏரிக்கரையோரமும் ஓடையோரமும் வளைந்து கிடக்கும் நிலத்துக்குச் சதுரம் உதவாது. அங்கே முக்கோணம் வேண்டும்.

முக்கோணம் பெரிய அளவில் இந்தப் பகுதிக்கு வந்தது 1802இல். சென்னை பரங்கிமலை அருகே அந்த ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம். 100 அடி எஃகுச் சங்கிலி. வேலை முடிய 57 நாள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் கட்டி, வெப்பமானி வைத்து அளந்தார்கள். இவ்வளவு பாடு ஒரே ஒரு பக்கத்துக்காக. அந்த ஒரு நீளம் கையில் வந்தபின் முக்கோணங்களைத் தீர்மானிக்கத் தரையை அளக்க வேண்டியதில்லை. கோட்டின் இரு முனையிலும் நின்று தொலைவில் உள்ள குன்றின் கொடியைத் தியோடலைட்டில் பார்த்துக் கோணம் எடுத்தால், கோ-ப-கோ விதிப்படி முக்கோணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கங்கள் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும்.

அப்படி நகர்ந்த சங்கிலித்தொடரில் மதுராந்தகம் அருகே உள்ள கருங்குழிக் குன்று ஒரு முக்கிய நிலையம். உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே, பறவைப் பாதையில் இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 2019 வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. சோழமண்டலக் கரையில் ஒரு டிகிரியின் நீளம் என்ன என்று லாம்டன் எழுதிய அறிக்கை, தலைப்பிலேயே 12 டிகிரி 32 நிமிட அட்சரேகையைக் குறிப்பிடுகிறது. கருங்குழி அந்த அட்சரேகையில்தான் உள்ளது. பூமியின் வடிவத்தைக் கண்டறியும் உலகப் பெரும் முயற்சியில் உத்திரமேரூரின் அக்கம்பக்கத்துக் குன்றுகளுக்கு இப்படி ஒரு பங்கு உண்டு. இதை இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

குன்று இல்லாத காவிரிச் சமவெளியில் லாம்டன் கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் மோதிச் சேதமடைந்தது; அவரே உட்கார்ந்து பழுது பார்த்தார். முன்னதாக, 1804இல் பெங்களூரு அருகே இன்னொரு அடிக்கோட்டைத் தரையில் அளந்து, பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் சில அங்குலங்களே.

இந்தப் பெரிய முக்கோணங்களில் பாடநூலுக்குச் சற்று மாறான ஒரு விந்தையும் உண்டு. பூமியின் பரப்பு வளைந்திருப்பதால் முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 டிகிரியைத் தாண்டும். ஏறக்குறைய 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை (டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) வீதம் கூடும். தாளில் மூன்று கோணமும் சமமான முக்கோணங்கள் வடிவொத்தவையே தவிர, சர்வசமமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே கோளத்தின் மேல் அப்படியில்லை: மூன்று கோணமும் சமமானால் அளவும் சமம்.

லாம்டனின் வேலை குன்றுகளோடும் கோபுரங்களோடும் நின்றது. வயலுக்குள் இறங்கியது வருவாய்த் துறையின் நில அளவை. அது கையாண்டது ப-ப-ப விதி. ஒரு வயலின் நான்கு வரப்பும் தலா 40 மீட்டர் என்று மட்டும் எழுதிவைத்தால், அது 1,600 சதுர மீட்டர், அதாவது 39 சென்ட்டுக்கு மேற்பட்ட சதுரமாக இருக்கலாம். குறுக்கு மூலைவிட்டம் 24 மீட்டராகச் சாய்ந்திருந்தால், அதே நான்கு வரப்புக்குள் இருப்பது ஏறத்தாழ 22½ சென்ட்தான். மூலைவிட்டத்தையும் அளந்துவிட்டால் வயல் இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்து இறுகிவிடும்; பிறகு அதைச் சாய்க்க யாராலும் முடியாது. இப்படி அளந்து வரைந்த புலப்படத்தில் வயலுக்குள் குறுக்கே ஓடும் கோடுகள் இதற்காகத்தான். சர்வேயர்கள் அவற்றை ‘ஜி லைன்’ என்பார்கள். வளைந்த வரப்புக்கு, ஜி லைனில் இத்தனை மீட்டர் நடந்து செங்கோணமாக இத்தனை மீட்டர் என்று குறிப்பார்கள். இரு பக்கமும் நடுவே செங்கோணமும் என்பதால் அது ப-கோ-ப.

வரப்போரத்துச் சர்வே கல் காணாமல் போனால், அளந்து அத்து காட்டும்படி மனு கொடுப்பார்கள். மிஞ்சியிருக்கும் இரு கற்களுக்கு இடையே 50 மீட்டர், தொலைந்த கல் ஒன்றிலிருந்து 40, மற்றொன்றிலிருந்து 35 என்று படத்தில் இருப்பதாகக் கொள்வோம். இரு கற்களிலும் டேப்பைப் பிடித்து, 40ஐயும் 35ஐயும் ஒரே புள்ளியில் சேர்த்தால் கல் இருந்த இடம் கிடைத்துவிடும். அப்படிச் சேரும் புள்ளிகள் இரண்டு உண்டு, கோட்டின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எந்தப் பக்கம் என்பதைப் படம் சொல்லும். முக்கோணத்தைப் புரட்டிப் போட்டாலும் சர்வசமம்தான் என்ற விதி, அடுத்தவர் நிலத்தில் கல் நடாமல் இருக்க இங்கே கவனிக்கப்படுகிறது.

வகுப்பறைக்குத் திரும்பினால், தேர்வில் அதிகம் பேர் சறுக்கும் இடம், இரு பக்கமும் இடையில் இல்லாத ஒரு கோணமும். 30 டிகிரி கோணம், அதை ஒட்டி 10 செ.மீ., எதிரே 6 செ.மீ. என்று வரையச் சொன்னால், காம்பஸ் முனை அடிக்கோட்டை இரண்டு இடத்தில் வெட்டும். மூன்றாம் பக்கம் ஒரு முக்கோணத்தில் சுமார் 12 செ.மீ., மற்றதில் 5.3 செ.மீ. இரண்டும் கேட்ட அளவுக்குச் சரி, ஒன்றுக்கொன்று சமமில்லை. கோணம் செங்கோணமானால் அந்தக் குழப்பம் தீர்கிறது. செ-க-ப தனி விதியாக நிற்பதற்குக் காரணம் அதுதான். பரப்பளவு சமம் என்பதும் சர்வசமத்துக்குச் சான்றாகாது. பாகப்பிரிவினையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் தலா 50 சென்ட் வந்தாலும், இரு மனைகளின் வடிவம் வேறாக இருக்கலாம்.

கிராமப்புற நிலங்களின் புலப்படங்கள் தமிழ்நாடு அரசின் மின் சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் கிடைக்கின்றன. உத்திரமேரூர் வட்டத்துக் கணித ஆசிரியர்கள் மாணவர்கள் வீட்டு வயலின் படம் ஒன்றை எடுத்து, ஒரு டேப்போடு அந்த வயலுக்கே வகுப்பை அழைத்துப் போக வேண்டும்.